சிந்தாமணி கேட்ட பங்கு

"என்னடா இது, சிமெண்ட் கலக்குற மிஷினு குட்டி போட்ட மாதிரி?"

அரியலூரிலிருந்து பஸ் பிடித்து வந்த சிந்தாமணி, செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக மாட்டுக் கொட்டகைக்குள் நுழைந்தாள். அங்கே அவள் தம்பி நல்லுசாமி, பழைய மோட்டாரில் மாட்டிய பிளாஸ்டிக் டப்பாவை ஓடவிட்டு எதிரே குந்தியிருந்தான். டப்பா கடகடவென்று உருண்டது.

"காசு கழுவுறேன்க்கா. சோப்புத் தண்ணி, பொடிப்பொடியா இரும்புக் குண்டு, அதோட காசு. உருள உருள கறுப்பெல்லாம் போயிடும்."

"மனுசன் செய்யிற வேலையாடா? அதுவும் மாட்டோட மாடா உக்காந்துக்கிட்டு! பொண்டாட்டி வூட்டுக்குள்ள விடலையாக்கும்?"

"நான்தான் விடலைங்க அண்ணி," என்றாள் எட்ட நின்றிருந்த தேவயானி. "அதைத் தொட்டாருன்னா குளிக்காம வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னுட்டேன்."

"அடேங்கப்பா, மகாராணி!" சிந்தாமணி உதட்டைப் பிதுக்கினாள். "வெள்ளிக்காசு உனக்குத் தீட்டா? இதுல நான் பங்கு கேட்டு வந்துடக் கூடாதுன்னு நடிப்பு வேற. ஏண்டா, மண்ணுக்குள்ள நீ புதையல் எடுத்திருக்கேன்னு ஊரே பேசுது. அப்பா விட்டுட்டுப் போன முந்திரிக்காட்டுல எடுத்ததுல எனக்குப் பங்கு இல்லையா?"

"நம்ம காட்டுல எடுக்கலக்கா. அது வந்து..."

"வாயை மூடு! பஞ்சாயத்து வேலைக்கு மண்ணு வெட்டப் போற பய நீ. உனக்கு வேற எங்க கெடைக்கும், அரண்மனையிலயா?"

"சொல்றதைக் கொஞ்சம் கேளேன்..."

"நீ கேளுடா. அடுத்த மாசம் எம்பொண்ணு கவிதாவுக்குக் கல்யாணம். பங்கைக் குடுத்தா நீ தாய்மாமன். இல்லையா, பந்தல் பக்கம் எட்டிப் பாக்காதே. சித்தப்பா மவன் தமிழழகன் இருக்கான். மாமன் மாலையை அவன் போடட்டும்."

நல்லுசாமியின் முகம் சுண்டிப்போயிற்று. கவிதாவுக்கு மொட்டையடித்துக் காது குத்தியது அவன் மடியில் வைத்துத்தான். அவள் கழுத்தில் வேறொருவன் மாலை போடுவதா? மோட்டாரை நிறுத்தினான். டப்பாவைத் திறந்து, வாளித் தண்ணீரில் காசுகளை அலசித் துணியில் கொட்டினான். ஒவ்வொன்றிலும் வெள்ளைக்கார ராஜாவின் தலை பளீரென்று தெரிந்தது.

"எல்லாத்தையும் எடுத்துக்கக்கா. பங்கெல்லாம் வேணாம். ஆனா..."

"ஆனாவும் இல்லை, ஆவன்னாவும் இல்லை!" சிந்தாமணி அத்தனையையும் அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டாள். "இப்ப மட்டும் எப்படி வந்துச்சு? மிரட்டுனாத்தான் மசியுற, கஞ்சப்பய!"

ஒரு காசை மட்டும் கையிலேயே வைத்திருந்தவள், கைப்பையிலிருந்த கண்ணாடியை எடுத்து, காசை நடு நெற்றியில் வைத்து அழுத்திப் பார்த்தாள்.

"கவிதாவுக்கு இதுல நெத்திச்சுட்டி செஞ்சா எப்படி இருக்கும்! ஏண்டா, எனக்கே எடுப்பா இருக்குல்ல?"

தேவயானி சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள்.

"எடுப்பாத்தான் இருக்கு," என்றான் நல்லுசாமி. "சுடுகாட்டுல புது எரிமேடைக்குக் குழி தோண்டுனப்ப கெடச்சதுக்கா. எல்லாம் பொணத்து நெத்தியில வச்சு அனுப்புன காசுதான்."