நேராகப் பறந்த பந்து

ஹுவாஹின் கோல்ஃப் மைதானத்தில் இறுதிப் போட்டி தொடங்கும் முன், கன்லயா அடித்துப் பார்த்த பந்தெல்லாம் வலப்பக்கமே வளைந்தன.

"டிரைவர் மட்டைத் தலையில எடைக்கட்டி நுனியில இருக்குடி. அதோட திருகாணியைக் கழட்டி, தண்டுப் பக்கமா நகர்த்து," என்றாள் ரத்தனா.

"இப்பப் போயா அக்கா? பயமா இருக்கு."

"மாத்தாம ஆடினா அழுதுகிட்டுதான் வீட்டுக்குப் போவே."

கன்லயா மாற்றினாள். அதன்பின் அந்த மட்டையால் அடித்த ஒரு பந்துகூட வளையவில்லை. ஒரே அடி வித்தியாசத்தில் கோப்பை அவளுடையதாயிற்று.

"மட்டையைச் சரிபண்ணச் சொன்ன பயிற்சியாளர் யாரு?" என்றார், அவள் திருகாணியைக் கழற்றியதைப் பார்த்திருந்த நிருபர்.

கன்லயா கோப்பையோடு ஓடிப்போய் ரத்தனாவை இழுத்து வந்தாள். ரத்தனாவின் கழுத்தில் இரண்டாம் பரிசுப் பதக்கம் தொங்கியது.

"எதிராளிக்கேவா சொல்லிக் கொடுத்தீங்க?" என்றார் நிருபர்.

"கோணலா அடிக்கிறவளை ஜெயிச்சு என்ன பெருமை?" என்ற ரத்தனா, கன்லயாவின் காதைத் திருகினாள். "அடுத்த வருஷம் கேளு, வாயே திறக்க மாட்டேன்!"