தறியில் எழும் பெயர்

கூரைக் கண்ணாடி வழியே இறங்கும் காலை வெயிலில், திலகவதியின் தறியிலுள்ள பட்டு அங்கவஸ்திரம் தகதகக்கிறது. கல்யாணப் பட்டில் மணமக்களின் பெயரை ஜரிகையால் நெய்வது இத்தறிக்கூடத்தின் வழக்கம். துளை அட்டைகள் சொன்னபடி முதலில் கல்யாணம் வைத்திருக்கும் சக நெசவாளி 'ஹேமநாத்' பெயர் முடிந்து, அருகே 'பிரபாகரன்' எழத் தொடங்குகிறது. திலகவதி தறியை நிறுத்துகிறாள். "வேற வூட்டுக் கல்யாண அட்டை கலந்து வந்துகீது. பொண்ணு பேரையே காணோம், ரெண்டும் மாப்ளைங்க!" ஜரிகையை அறுக்கக் கத்தரியை எடுக்கிறாள். பக்கத்துத் தறியிலிருந்து ஹேமநாத் எழுகிறான். இப்போது வாய் மூடினால் அன்பனின் பெயர் குப்பைக்குப் போகும். "அறுக்காதக்கா! அட்டை சரிதான். நான் கட்டிக்கப்போறது பிரபாகரனைத்தான்." பத்துத் தறிகளும் ஓய்கின்றன. இத்தனை ஆண்டுகள் தறியோசைக்குள் பதுங்கியிருந்த உண்மை, இதோ, தலைநிமிர்ந்து நிற்கிறது. எவரிடமும் மன்னிப்புக் கேளாமல் நிற்கிறது! திலகவதி அவனை ஏற இறங்கப் பார்க்கிறாள். "அவராச்சும் சமைப்பாராடா? உனுக்கு சுடுதண்ணி வெக்கவே தெரியாதே." "பிரியாணியே போடுவாருக்கா." "அப்பிடின்னா ஜல்தி நெய்யணும். பந்தியில மொத எலை எனுக்கு!" சிரிப்பொலி கூரையை முட்டுகிறது. கத்தரி பலகைக்கடியில் போகிறது, ஊடிழை சுமந்த நாடா குறுக்கே பாய்கிறது, பிரபாகரனின் பெயர், எழுத்தெழுத்தாக, வெயிலுக்குள் ஏறி வருகிறது.