பின்கொசுவம்

டூகல் உள்ளே நுழைந்தபோது லாக்லன் சமையலறைத் தரையில் மல்லாந்து கிடந்தான். இடுப்பின் மேல் கட்டம் போட்ட கம்பளித் துணி, வாயில் நாலைந்து குண்டூசி.

“விழுந்துட்டியாடா?”

“இல்ல. கில்ட் தைக்கிறேன்ல, அளவு பாக்குறேன். கையைக் குடு.”

ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டும் கொசுவப் பாவாடையான கில்டுக்கு உயரம் பார்ப்பதென்றால் முட்டி போட்டு நின்று பார்க்க வேண்டும். விளிம்பு தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். ஸ்கை தீவில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது. லாக்லனுக்கு முட்டி மடங்காமல் போய் ரொம்ப நாளாகிறது என்பதால் டூகல் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன வாரம் அந்த முட்டியைக் காட்டுவதாகச் சொல்லித்தான் இன்வர்னஸ் ஆஸ்பத்திரிக்குப் போனான். போனவன் எட்டு கஜம் துணியோடு திரும்பினான். குலத்துக்கொரு கட்டம் என்றில்லாமல், தீவுக்காரர் யார் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளக்கூடிய பொதுக் கட்டம். அன்றிலிருந்து ஊசியும் கையுமாக இருக்கிறான், ஆயுசில் ஒரு சட்டைப் பொத்தான்கூடத் தைத்தறியாதவன்.

டூகலுக்கு வேறு கவலை. செப்டம்பரில் மகள் மார்சலிக்குக் கல்யாணம். சாட்சிக் கையெழுத்துக்கு லாக்லன் மாமாதான் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். மாப்பிள்ளை வீட்டார் எடின்பரோக்காரர்கள், குற்றம் கண்டுபிடிப்பதற்கென்றே கண்ணாடி போட்டவர்கள். இவன் கோமாளி மாதிரி வந்து நின்றால் மானம் கப்பலேறிவிடும்.

“எங்க, நேரா நில்லு பாப்போம்.”

லாக்லன் நின்றான். முன்பக்கத்தைப் பார்த்து டூகலுக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது. கட்டத்தோடு கட்டம் பொருந்தியிருந்தது, தையல் வெளியே தெரியவில்லை.

“திரும்பு.”

திரும்பினான். பின்பக்கத்தில் துணியே இல்லை. இடுப்பில் இரண்டு நாடாவை முடிந்திருந்தான். அதற்குக் கீழே அவனுடைய பழைய கால்சட்டைதான் தெரிந்தது.

“என்னடா இது, கில்டா, சமையல்காரன் ஏப்ரனா?”

“முன்பக்கம் நல்லாருக்கில்ல?”

“முன்பக்கத்தை எவன் பாக்குறான்? கில்டுன்னாலே பின்கொசுவம்தாண்டா. முக்கால்வாசித் துணி அதுக்குத்தான் போகும். சர்ச்சுல நீ பாதிரியாரைப் பாத்து நிக்கும்போது ஊரே உன் பின்னாடிதான உக்காந்திருக்கும்?”

“உக்காந்திருக்கும்,” என்று லாக்லன் ஒப்புக்கொண்டான்.

“வடிகட்டுன கஞ்சன்டா நீ. மிச்சத் துணியை என்ன பண்ணுன? கடைக்காரன்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டியா?”

லாக்லன் நாற்காலியைக் காட்டினான். ஆறு கஜத்துக்குக் குறையாது. காகிதத்தில் சுற்றி, மடிப்புக் கலையாமல் இருந்தது.

“அது உனக்கு. உன்னோடதைத்தான் பூச்சி அரிச்சிருச்சே. மார்சலி கல்யாணத்துக்குத் தச்சுப் போட்டுக்க, கொசுவம் தாராளமா வரும். ஆனா தையக்காரன்கிட்ட குடு, நீ கை வைக்காத.”

டூகல் காகிதத்தை விலக்கித் துணியைத் தொட்டுப் பார்த்தான். விருந்தாளிக்கு ஓட்ஸ் பிஸ்கட்டைப் பாதியாக உடைத்துக் கொடுக்கிறவன் இவன். மனசு இளகிவிட்டது, ஆனால் கோபம் முழுசாகத் தீரவில்லை.

“எனக்குக் குடுத்துட்டு நீ இப்படியே வந்து நிப்பியா? என் பொண்ணு கல்யாணத்துல ஊரே சிரிக்கவா? வேணாம்டா. இதை எடுத்து உன் பின்பக்கத்தையும் தச்சு முடி. நான் வாடகைக்கு எடுத்துக்கிறேன்.”

லாக்லன் கெட்டிலை அடுப்பில் வைத்தான். இரண்டு கோப்பைகளைக் கழுவித் துடைத்தான். பிறகு, முன்பக்கத்தில் விழுந்திருந்த ஒரு சுருக்கத்தை உள்ளங்கையால் நீவி விட்டான்.

“எதுக்குடா வீணா? சவப்பெட்டியில மல்லாந்துதானே படுக்கப்போறேன்.”