எவனோ ஒருத்தன் கை

ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் பக்கத்திலேயே எவனையோ படுக்க வைத்திருந்தார்கள். செத்த மீன் மாதிரி சில்லிட்டிருந்த அவன் கையை என் மனைவி மடியில் வைத்து, விரல் விரலாகப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"வெக்கமா இல்ல? கட்டின புருஷன் கண்ணு முன்னாடியே!"

அவள் நிறுத்தவில்லை.

உள்ளே வந்த டாக்டரிடம் கத்தினேன். "இந்த அசிங்கத்த முதல்ல வெளிய தூக்கிப் போடுங்க!"

அவர் என் வலது கையைப் பிடித்து, அந்தக் கையின்மேல் வைத்து, மெல்ல மேலே நகர்த்தினார். மணிக்கட்டு, முழங்கை, தோள். அடுத்து என் கழுத்து வந்தது.

"உங்க மூளையோட வலப்பக்கம் ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. அதான் இடது கை உங்களோடதுன்னே தெரியல."

"கதை விடாதீங்க டாக்டர். அவன் விரல்ல என் கல்யாண மோதிரத்தப் போட்டுவிட்டது யாரு? இவதானே?"