எச்சில் கிண்ணம்

"டேய், கடிச்சதை மறுபடியும் முக்காதடா!"

பெரியம்மா போட்ட சத்தத்துல கொடியில காஞ்சிட்டிருந்த துணியே நடுங்கியிருக்கும். கொழுந்தன் காதுல மட்டும் விழல. பாதி கடிச்ச குடைமிளகாயைத் திரும்பவும் சாஸ் கிண்ணத்துல முக்கி வாயில போட்டுக்கிட்டான்.

புது மருமகளுக்கு வயிறு எரிஞ்சுது.

பின்ன? இந்த வீட்டுல அவ பண்ற முதல் சமையல். அதுவும் யாருக்கு? புருஷனோட பெரியம்மாவுக்கு! வெந்நீர் வெச்சுக் குடுத்தாலும் 'இன்னும் கொஞ்சம் வேகணும்'ங்கற ஆளு.

மொட்டை மாடியில கரி அடுப்பு மூட்டி, கண்ணெல்லாம் புகையோட காய் வாட்டினா. தயிர்ல பூண்டு நசுக்கிப் போட்டு, எலுமிச்சை பிழிஞ்சு சாஸ் கலந்தா. பெரியம்மா கை நீட்டுறதுக்குள்ள இந்தத் தீனிப்பண்டாரம் முந்திக்கிச்சு.

"எச்சில் பண்ணிட்டியே, இனிமே அதை யாரு தொடுவா?"

"யாரும் தொட வேணாம் பெரியம்மா. மொத்தமும் எனக்குத்தான்."

கிண்ணத்தைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டான். காளானால வழிச்சு வழிச்சுத் தின்னான்.

"வெட்கமா இல்லையாடா?"ன்னான் அவன் அண்ணன்.

"இருந்துச்சுண்ணா. அதையும் இதுல தொட்டுத் தின்னுட்டேன்."

"வேற கலக்கலாம்னா தயிர் தீந்துடுச்சு அத்தை..." மருமக காலித் தயிர்ப் பாத்திரத்தைப் பெரியம்மாகிட்ட சாய்ச்சுக் காட்டினா.

பெரியம்மா முணுமுணுத்துக்கிட்டே வெறும் கத்திரிக்காய் ஒண்ணை வாயில போட்டாங்க. மென்னாங்க. இன்னொண்ணு எடுத்தாங்க.

"காயே இவ்வளவு பதமா இருக்கே! அந்த சாஸ் எப்படி இருந்திருக்குமோ... நமக்குக் குடுத்து வெக்கலை."

பெரியம்மா வாயில பாராட்டு! அடுப்பை வீசிட்டிருந்த புருஷன் விசிறியைக் கீழ போட்டுட்டு வாயைப் பொளந்தான். மருமகளுக்குச் சிரிப்பு வந்துச்சு. கொழுந்தன் மேல இருந்த கோபம் மட்டும் இறங்கல.

அதே கோபத்தோட கிண்ணத்தைக் கழுவக் கீழ எடுத்துட்டு வந்தா. அப்படியென்ன ருசின்னு ஓரத்துல ஒட்டியிருந்ததை வழிச்சு நாக்குல வெச்சா.

தூ!

ஒரே உப்பு. பதட்டத்துல எத்தனை தடவை போட்டாளோ, அவளுக்கே தெரியல.

பின்னாடி மடக் மடக்னு சத்தம். பிரிட்ஜ் கதவைத் திறந்தபடியே வெச்சுக்கிட்டு, ஒரு பாட்டில் தண்ணியை முடிச்சுட்டு அடுத்ததைத் திறந்துட்டிருந்தான் கொழுந்தன்.

"அடுத்த வாட்டி கொஞ்சம் பாத்துப் போடுங்க அண்ணி. எனக்கு இருக்கறதே ரெண்டு கிட்னிதான்."