ஏரி வந்தால் பெல்ட்டைக் கழற்று

"ரோட்டுல போறப்ப பெல்ட் போடு, பெல்ட் போடுன்னு திட்டுறீங்க. ஏரி வந்தா மட்டும் கழட்டச் சொல்றீங்க. ஏன் மிஸ்டர் ஆர்விட்?"

ஏழு வயதில் லினேயா கேட்ட கேள்வி அது. தீவுப் பிள்ளைகளைக் குளிர்காலத்தில் உறைந்த ஏரியின் மேல் பள்ளிக்கு ஏற்றிப்போகும் மஞ்சள் வேனில் கேட்டது.

இன்று அதே வேனை அவளே ஓட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தீவின் கடைக்காரர் வெர்ன். சீட்டுகளை எடுத்துவிட்ட பின்பக்கத்தில், அன்று அதை ஓட்டிய ஆர்விட். நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து அவரை அழைத்துக்கொண்டு திரும்புகிறார்கள்.

"அதுக்கு என்ன சொன்னாரு?" என்றார் வெர்ன்.

"'ரோட்டுல வண்டி மோதினா பெல்ட் உன்னைப் பிடிச்சு வச்சுக்கும். ஐஸ் உடைஞ்சாலும் பிடிச்சு வச்சுக்கும். அதான் வம்பு'ன்னாரு."

வெர்ன் சிரித்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "நீ ஓட்டுற வேகத்துக்கு நாம போறதுக்குள்ள ஏரியே உருகிடும். மத்தியானம் ஷெரிஃப் ஐஸ் ரோட்டை மூடிடுவாரு. அப்புறம் படகு விடுற வரைக்கும் தீவுக்கு வழி கிடையாது. சம்சாரம் சிக்னி பக்கத்துல போயிடணும்னு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு மனுஷன்."

"தெரியும் வெர்ன்."

"சர்ச் வாசல்ல ஊரே நிக்குது."

"நிக்கட்டும். இந்த ரோட்டுல எங்க வெறும் ஈரம், எங்க கண்ணாடி மாதிரி ஐஸ்னு தெரியல."

பின்னாலிருந்து ஒரு பிக்கப் டிரக் ஹாரன் அடித்தபடி ஒட்டி வந்தது. முந்தும்போது ஓட்டியவன் கண்ணாடியை இறக்கி, "என்ன அக்கா, ஊர்வலமா?" என்று கத்திவிட்டுப் போனான்.

அடுத்த வளைவில் அந்த டிரக் பள்ளத்துப் பனிக்குள் மூக்கைச் செருகி நின்றது. லினேயா பிரேக்கைத் தொடவில்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாள். வேன் தானாகவே வேகம் குறைந்து ஓரத்தில் நின்றது.

"நாலு சக்கரமும் இழுக்குற வண்டியாச்சே," என்றார் வெர்ன்.

"நாலு சக்கரமும் இழுக்கும், நாலு சக்கரமும் வழுக்கும்னு ஆர்விட் சொல்வாரு."

"அடி பட்ட மாதிரி தெரியல. கிளம்பு, நேரமில்ல."

"பள்ளத்துல கிடந்த வண்டியைத் தாண்டி இவர் போனதை நீங்க பார்த்திருக்கீங்களா?"

வெர்ன் சீட்டுக்கு அடியிலிருந்த மண்வெட்டியை எடுத்தார். பனியைத் தோண்டி, சக்கரத்துக்கு மணல் போட்டு, மூவரும் தள்ளி வண்டியை மேலேற்ற அரை மணி நேரம் ஆனது. நன்றி சொல்ல வந்தவன் வேனின் பின் கண்ணாடி வழியே உள்ளே பார்த்தான். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. தொப்பியைக் கழற்றிக்கொண்டான்.

மறுபடி புறப்பட்டதும் லினேயா சொன்னாள்: "இந்த வேனுக்குப் பின்னால ஹீட்டர் என்னிக்குமே வேலை செஞ்சதில்ல. பெல்ட்டோட பக்கிள் அப்படிச் சில்லுன்னு இருக்கும், தொட்டா விரல் ஒட்டிக்கும். ஏரிக்கரையில வண்டியை நிறுத்தி, தன் கையுறையைக் கழட்டி, பக்கிளை உள்ளங்கையில வச்சு சூடாக்கிட்டுத்தான் கழட்டிவிடுவாரு. ஒவ்வொரு பிள்ளைக்கும், தினமும்."

"ஒரு நாளும் வெளிய சொன்னதில்லையே."

"நாங்களும்தான் ஒரு நாளும் நன்றி சொன்னதில்ல."

ஏரிக்கரையில் ஷெரிஃபின் ஆள் தடுப்பை இழுத்துக்கொண்டிருந்தான். வேனைப் பார்த்ததும் நின்றான். "நீங்கதான் கடைசி. மெதுவா போங்க. கரையோரம் வேகமா போனா அடியில தண்ணி அலையடிச்சு ஐஸைப் பிளந்துடும்."

"எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவரே உள்ளதான் இருக்காரு," என்றார் வெர்ன். இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு இறங்கினார். "நான் முன்னால தட்டிப் பார்த்துக்கிட்டே நடக்கறேன். கையைத் தூக்கினா கிளம்பு."

வழி தெரிவதற்காக ஏரி நெடுக நட்டிருந்த பழைய கிறிஸ்துமஸ் மரங்கள் தீவுவரை வரிசையாக நின்றன. அந்த வரிசையை ஒட்டி வெர்ன் ஐஸைத் தட்டியபடி போனார். லினேயா எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கினாள். தன் பெல்ட்டைக் கழற்றினாள். வேன் ஐஸில் இறங்குமுன் ஆர்விட் சொல்லும் ஜெபத்தைத் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "ஆண்டவரே, இது உம்முடைய தண்ணீர். மேலே போவது உம்முடைய பிள்ளைகள்."

தூரத்தில் வெர்னின் கை உயர்ந்தது. ஐஸ் தாங்கும். அவர் திரும்பிப் பார்க்காமல் மேலே நடந்தார்.

லினேயா வேனை நகர்த்தவில்லை. எழுந்து பின்பக்கம் போனாள். கையுறையைக் கழற்றிவிட்டு, ஆர்விட்டின் குறுக்கே பூட்டியிருந்த பெல்ட்டின் பக்கிளை உள்ளங்கையில் பொத்திப் பிடித்தாள். குளிர் சுரீரென்று ஏறியது. இரும்பு சூடாகும்வரை கையை எடுக்கவில்லை.

"ஏரி வந்துடுச்சு, மிஸ்டர் ஆர்விட்," என்று மெல்லச் சொல்லிப் பக்கிளை அழுத்தினாள்.

சவப்பெட்டியின் மேலிருந்து பெல்ட் நழுவி விழுந்தது.