தேறிவிட்ட கால்

செண்பகவல்லியை ஏற்றிச் செல்ல லிஃப்ட் மறுத்துவிட்டது. "உங்கள் முழங்கால் தேறிவிட்டது. இனி மூன்றாம் மாடிக்குப் படியிலேயே போகலாம்" என்றது.

"யாருக்குத் தேறிச்சாம்? இன்னும் வலிக்குதுங்க!" என்று கணவரிடம் முறையிட்டாள்.

தணிகாசலத்துக்கு வியர்த்தது. அவள் முழங்காலில் கட்டியிருக்கும் பட்டை, காலை எத்தனை முறை நீட்டித் தூக்கினாள் என்று எண்ணி லிஃப்டுக்குச் சொல்லும். தூக்கத் தூக்கத் தொடைத் தசை வலுக்கும்; மூட்டின் பாரத்தில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும். பட்டை எண்ணுமே தவிர, யார் கால் என்று பார்க்காது.

"வல்லி, நீ மதியம் தூங்குறப்ப பட்டையை நான் கட்டிக்கிட்டேன். எண்ணிக்கை குறையுதுன்னு அது உன்னைத் திட்டிக்கிட்டே இருந்தது பொறுக்கலை."

"ஒன்றரை மாசமாவா?"

"தினம் நாற்பது. நீ காலையில செஞ்ச இருபதோட சேர்த்து அறுபது."

அவரை முறைத்துவிட்டுப் படிக்கட்டின் கைப்பிடியைப் பற்றினாள்.

"நல்ல காலை முதல்ல மேலே வை. உடம்பைத் தூக்குறது அதோட வேலை. வலிக்கிற கால் பின்னாடி வந்தாப் போதும்."

இரண்டு இடத்தில் நின்று, முதல் மாடிக்கு வந்துவிட்டாள். அந்த இருபதும் வீண்போகவில்லை. அவள் நின்று நின்று ஏறியதில் பட்டைக்கு உண்மை புரிந்து, லிஃப்ட் தானாகவே வந்து கதவைத் திறந்தது.

"நீங்க ஏறிக்குங்க. எனக்காகக் காலைத் தூக்கித் தூக்கிக் களைச்சிருப்பீங்க" என்று அவரை உள்ளே தள்ளிவிட்டு, அவள் அடுத்த படியில் ஏறினாள்.